ஜெயசுதா ஜெயிச்சுதா?

குதிரையின் பெயர் ஜெயசுதா என்று முனியன் வாய்விட்டுப் படித்தபோது கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் அன்புச்செல்வன். அவன் பெண்டாட்டியின் பெயரும் ஜெயசுதாதான். ஒரு மனுஷனுக்கு வியாழக்கிழமை இதைவிட மோசமாக விடிய முடியாது.

முனியன் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூர் ரூட்டில் பன்னிரண்டு வருஷம் ஓட்டியதில் அவருக்கு இரண்டு சொத்து சேர்ந்திருந்தது. ஒன்று இடுப்புவலி, இன்னொன்று ரேஸ் பைத்தியம். சொந்தப் பேரப்பிள்ளைகளின் பெயரில் தடுமாறுவார். எந்தக் குதிரைக்கு எது அம்மா, எது அப்பா, போன சீசனில் மழைத் தரையில் எது வழுக்கியது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். தினமும் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து, அந்த வாரம் பெங்களூரில் ஓடப்போகும் குதிரைகளின் பெயரைச் செல்போனைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படிப்பார். யாரும் கேட்டதில்லை, யாரும் தடுத்ததும் இல்லை.

அன்றைக்கு மட்டும் எல்லாரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு அன்புச்செல்வனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற மினி லாரிக்காரன். மூன்று ஏக்கர் நிலமும் உண்டு. குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், ஊரில் யாரோடும் வாய்ச்சண்டை கிடையாது. இப்படிப்பட்டவனைக் கிண்டல் செய்ய ஒரு வாய்ப்பு கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

“இன்னா அன்பு, ஜெயசுதா ஜெயிச்சுதா?” என்று ஒருத்தன் கேட்டான். கடை மொத்தமும் சிரித்தது. முனியன் மட்டும் அதை நிஜக் கேள்வி என்று நினைத்துக்கொண்டு, போன மாசம் ஓடி ஜெயித்திருக்கிறது, படம்கூட இருக்கிறது என்று செல்போனை நீட்டினார்.

காபி நிறத்தில் ஒரு பெண்குதிரை. நெற்றியில் வெள்ளையாக ஒரு சுட்டி. ஒரு பக்கம் பட்டுப்புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக ஓனரம்மா. இன்னொரு பக்கம், குதிரையின் கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டு, காக்கிச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தவன் செழியன். அந்தச் சிரிப்பை இருட்டில் காட்டினாலும் அன்புச்செல்வன் கண்டுபிடிப்பான். பதினோரு வருஷமாக அவன் நெஞ்சில் தைத்துக் கிடக்கிற முள் அது.

செழியன் வேறு யாருமில்லை, ஜெயசுதாவின் அத்தை மகன். அவளைக் கட்டிக்கொள்ள முறையுள்ளவன். சின்னசேலத்தில் படிப்பு ஏறாமல் இருபது வயதில் பெங்களூர் போய், ரேஸ் குதிரைகளுக்குச் சைஸ் வேலையில் சேர்ந்தான். தேய்த்துவிடுவது, குளிப்பாட்டுவது, தீனி வைப்பது, அதோடேயே படுத்து எழுவது, இதுதான் சைஸ் வேலை. முறை இருந்தும் ஜெயசுதாவின் அப்பா, குதிரை லத்தி அள்ளுகிறவனுக்கு என் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டு, நிலமும் லாரியும் இருந்த அன்புச்செல்வனைப் பார்த்தார்.

முறைக்காரன் இருக்கும்போது பெண்ணை வெளியே கொடுத்தால், தாலி கட்டுவதற்கு முன்னால் அவனுக்கு வேட்டி துண்டு வைத்து ஒரு வார்த்தை கேட்பது அவர்கள் வழக்கம். மணவறைக்குப் பக்கத்திலேயே வைத்துக் கேட்டார்கள். செழியன் வேட்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “கட்டச் சொல்லுங்க, எனக்கு இன்னா?” என்று சொல்லிச் சிரித்தான். அவ்வளவுதான் நடந்தது. பெரியவர்கள் அதை அப்போதே மறந்துவிட்டார்கள். கையில் தாலியோடு உட்கார்ந்திருந்தவனுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. துக்கத்தை விழுங்கிய சிரிப்பா? தப்பித்தேன் என்ற சிரிப்பா? எங்கே போனாலும் அவள் எனக்குத்தான் என்ற சிரிப்பா? பதினோரு வருஷம் புரட்டிப் புரட்டிப் பார்த்தும் அவனுக்கு விடை கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு சங்கடம். ஜெயசுதா புருஷனை ‘இன்னாங்க’ என்றுதான் கூப்பிடுவாள். ‘மாமா’ என்ற சொல் சின்ன வயதிலிருந்தே செழியனுக்குப் போய்விட்டதால், கல்யாணத்துக்குப் பிறகு அதை எடுத்து இவனுக்குக் கொடுக்க அவளுக்குக் கூச்சம். வருஷத்துக்கு ஒருமுறை பேச்சுவாக்கில் ‘செழியன் மாமா’ என்று அவள் வாயில் வந்தால், அன்றைக்கு இவன் சாப்பாட்டில் உப்பு சரியில்லை என்பான். இன்னாங்க என்று பஸ் கண்டக்டரைக்கூடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மனசுக்குள் பொருமுவான்.

குதிரைக்கு யார் பெயர் வைப்பார்கள் என்று முனியனிடம் கேட்டான். சும்மா கேட்கிற மாதிரிதான் கேட்டான். பெயர் வைப்பது ஓனர் என்று அவர் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தெரிந்ததை எல்லாம் சொல்லி முடிக்காமல் முனியனால் டீயைக் குடிக்க முடியாது. “ஆனா ஒண்ணு அன்பு, குதிரைக்கு உசுர வுட்டு செய்யுறவன் வந்து ஒரு பேரு சொன்னான்னு வையி, ஓனரு தட்ட மாட்டாங்க” என்றார்.

அன்றைக்கு மலையேறும்போது லாரி இரண்டாவது கியரில் முனகியது. அன்புச்செல்வனும் முனகினான். பெண்டாட்டி பெயரை ஊரான் ஒருத்தன் ஒரு குதிரைக்கு வைத்திருக்கிறான். தினமும் காலையில் எழுந்து அந்தப் பெயரைச் சொல்லி அதன் கழுத்தைத் தடவுகிறான். பேப்பரில் போடுகிறார்கள், மைக்கில் சொல்கிறார்கள். கிழங்கு மூட்டை ஏற்றுகிற ஆட்கள் ஏதோ கேட்டதற்கு இவன் எரிந்து விழுந்தான். இன்றைக்கு இவருக்கு இன்னா ஆச்சு என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஜெயசுதா மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் ஷாலினி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நாலு நாள் பேசாமல் இருந்து பிறகு கேட்கலாம் என்றுதான் வழியெல்லாம் திட்டம் போட்டிருந்தான். செருப்பைக் கழற்றும்போதே வாய் முந்திக்கொண்டது.

“பெங்களூர்ல உம்பேர்ல ஒரு குதிர ஓடிக்கினு இருக்குதாமே.”

கன்னம் வைத்த திருடியைப் பிடித்துவிட்ட தோரணையில்தான் சொன்னான். அவளோ மெஷினை நிறுத்திவிட்டு, “எம்பேர்லயா, குதிரையா?” என்று கேட்டாள். செல்போனைக் காட்டினான். முதலில் குதிரையைப் பார்த்தாள். பிறகு, “அய்ய, செழியன் மாமா!” என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரிக்காதவள் இல்லை. ஆனால் அப்படி, ஏதோ கூச்சப்பட்டவள் போல, தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்து அவன் பார்த்ததில்லை. ஷாலினி செல்போனைப் பிடுங்கி அந்தக் குதிரை ஓடிய வீடியோவைத் தேடி எடுத்தாள். அம்மாவும் மகளும் அதை மூன்று தரம் பார்த்தார்கள். நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஜெயசுதா சொன்னாள்.

கடைசியில் அவள்தான் கேட்டாள், இந்தப் பெயரை யார் வைத்தது என்று. தெரியாது என்று அவன் சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் பொறாமை பிடித்தவனுக்குத் தன் வயிற்றெரிச்சலுக்குத் தானே எண்ணெய் ஊற்றாவிட்டால் பொழுது போகாது.

“வேற யாரு வைப்பாங்க? உன் மாமாதான்.”

ஜெயசுதா திரும்பி மெஷினை மிதித்தாள். தையல் கோணலாகப் போனது. பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். அதுவும் கோணலாகப் போனது. அன்புச்செல்வன் வாசலில் நின்று இரண்டு கோணலையும் பார்த்தான்.

அடுத்த இரண்டு நாளும் அவள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே இருந்ததாக அவனுக்குப் பட்டது. கண்ணாடி முன்னால் கூடுதல் நேரம் நின்றதாகவும் பட்டது. கிளிப்பச்சைப் புடவையை எதற்கு வெள்ளிக்கிழமை கட்டினாள்? வெள்ளிக்கிழமை என்பதால்தான் கட்டினாள், எல்லா வெள்ளிக்கிழமையும் நல்ல புடவை கட்டுகிறவள்தான் அவள். இதை யார் அவனுக்கு எடுத்துச் சொல்வது? டீக்கடையிலோ, அவன் லாரியைக் கண்டாலே யாராவது ஒருவர் ‘ஜெயசுதா ஜெயிச்சுதா’ என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் குதிரை மறுபடி ஓடுகிறது, தான் போகப்போவதாக முனியன் சொன்னதும், நானும் வருகிறேன் என்றான் அன்புச்செல்வன். எதற்கு என்று அவனுக்கே தெளிவாகத் தெரியாது. செழியனை நேருக்கு நேர் நிறுத்தி, என் பெண்டாட்டி பெயரை நீ எப்படி வைக்கலாம் என்று கேட்க வேண்டும். அவன் என்ன சொல்கிறான் என்று முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் அந்தக் குதிரை தோற்க வேண்டும். இந்த மூன்றும்தான் மனசில் இருந்தது.

வீட்டில் மறைக்காமல் சொன்னான். ஜெயசுதா தடுப்பாள், அதிலிருந்து ஏதாவது தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தான். அவளோ போட்டோ எடுத்துக்கொண்டு வரச்சொன்னாள். கிளம்பும்போது ஒரு பையை நீட்டினாள். உள்ளே நாட்டுவெல்லம், ஒரு கிலோ இருக்கும்.

“குதிரைக்குக் குடுங்க” என்றாள்.

குதிரைக்காம். அன்புச்செல்வன் பையை வாங்கிக்கொண்டு, பஸ் சேலம் போய்ச் சேரும்வரை முனியனோடு பேசவில்லை.

பெங்களூர் ரேஸ் கோர்ஸில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேகம் கட்டியிருந்தது. அன்புச்செல்வன் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. திருவிழாக் கூட்டம் என்றால் பெண்டு பிள்ளைகள் இருப்பார்கள். இங்கே எல்லாம் ஆம்பளைகள், கையில் சுருட்டிய புத்தகமும் காதில் பேனாவுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழ், கன்னடம், இந்தி, உருது என்று எல்லாப் பாஷையும் காதில் விழுந்தது. அந்த எல்லாப் பாஷையிலும் ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அன்றைக்கு நாலாவது ரேஸில் ஜெயசுதாதான் எல்லாருக்கும் பிடித்த குதிரை.

ஜெயசுதா மேலே எவ்வளவு என்றான் ஒருத்தன். ஜெயசுதாவை நம்பித்தான் இந்த மாசமே ஓடுகிறது என்றான் இன்னொருத்தன். பெண்டாட்டியின் பெயரைப் பத்தாயிரம் பேர் வாயில் போட்டு மெல்லுகிற இடத்தில் ஒரு புருஷன் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? அவன் காதெல்லாம் சூடாகிவிட்டது.

ஓடுவதற்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுகிற இடத்துக்கு முனியன் அவனை இழுத்துக்கொண்டு போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாலாம் நம்பர் வந்தது. படத்தில் பார்த்ததைவிடப் பெரிய குதிரை. தோல் எண்ணெய் தடவிய மாதிரி பளபளத்தது. வெறுக்க வேண்டும் என்றுதான் வந்திருந்தான். அழகாக இருந்தது, என்ன செய்வது? பக்கத்தில் செழியன் வாரைப் பிடித்து நடந்துகொண்டே அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தான். குதிரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தது. அப்படி என்ன சொல்கிறான்? அன்புச்செல்வன் கம்பி மேல் எட்டிக் காதைத் தீட்டினான். செழியன் நிமிர்ந்தபோது கம்பிக்கு அந்தப்பக்கம் இவனைப் பார்த்துவிட்டான். ஒரு நொடி திகைத்து, அதே சிரிப்பைச் சிரித்து, கையை ஆட்டினான். இவன் கையும் தானாகவே மேலே போனது. அதை நினைத்து அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டான்.

பக்கத்தில் தொப்பி போட்ட ஒருத்தன், தன் கூட்டாளியிடம் நாலாம் நம்பரைக் காட்டி, வயிறு பெருத்துவிட்டது, நன்றாகத் தின்றுவிட்டு வந்திருக்கிறாள், இனிமேல் ஜெயசுதா உதவ மாட்டாள் என்று சொன்னான். அன்புச்செல்வன் சடக்கென்று திரும்பி, வயிற்றைப் பற்றியெல்லாம் பேசாதே என்றான். தொப்பிக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்தான்.

“உனக்கு இன்னாயா? உன் குதிரையா?”

இல்லை என்று சொல்லவும் மனசில்லை, ஆமாம் என்று சொல்லவும் வழியில்லை. முனியன் அவனை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்.

முனியன் ஜெயசுதா மேல் கட்டினார். அன்புச்செல்வன் பட்டியலைப் பார்த்து, ஜெயசுதாவைத் தோற்கடிக்கக்கூடியது எது என்று கேட்டான். ஏழாம் நம்பர், சில்வர் ரெயின் என்றார் அவர். அதன் மேல் கட்டினான். வாழ்க்கையில் அவன் கட்டிய முதல் பந்தயம், பெண்டாட்டி பெயருக்கு எதிராக. முனியன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

குதிரைகள் கிளம்புகிற கதவு திறந்தது தெரியவில்லை, தூரத்தில் ஒரு நிறக் கலவை நகர்வதுதான் தெரிந்தது. மைக்கில் யாரோ மூச்சு விடாமல் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசித் திருப்பத்தில் குதிரைகள் இந்தப்பக்கம் வந்தபோது காலடியில் தரை அதிர்ந்தது. முன்னால் இரண்டுதான். ஏழும் நாலும், தோளோடு தோள். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று ஒரே பெயரைக் கத்தியது. அன்புச்செல்வன் கம்பி மேல் பாதி ஏறியிருந்தான். தொண்டை நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தான். ‘சில்வர் ரெயின்’ என்றா கத்தினான்? இல்லை. “ஜெயசுதா! ஓடு ஜெயசுதா!” என்று கத்திக்கொண்டிருந்தான். தான் கத்துகிறோம் என்பதே அவனுக்கு, குரல் உடைந்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு தலை வித்தியாசத்தில் ஏழாம் நம்பர் ஜெயித்தது.

முனியன் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஜாக்கி சாட்டையைக் கொஞ்சம் முன்னாடியே எடுத்திருக்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் புலம்பினார். பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. “யோவ், உனக்கு கெலிச்சிக்கிது. எழவு வூட்ல நிக்கிற மாதிரி ஏன் நிக்கிற?” என்றார். கூட்டத்தில் நாலாபக்கமும் ஜெயசுதாவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அன்புச்செல்வனுக்கு அந்தத் திட்டெல்லாம் தன் வீட்டுக் கூரை மேல் விழுவது போல இருந்தது.

லாயத்துக்குள் வெளியாட்களை விட மாட்டார்கள். கேட்டில் சொல்லியனுப்பி ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு செழியன் வந்தான். முழங்கை வரை ஈரம். குதிரையைக் கழுவி நடக்கவிட்டு வந்திருந்தான். கிட்டத்தில் பார்த்தால் படத்தில் தெரிந்த செழியன் இல்லை. முன்மண்டை வழுக்கை விழுந்திருந்தது, நடையில் ஒரு கால் லேசாகச் சாய்ந்தது. போன வருஷம் ஒரு குதிரை உதைத்ததாம்.

“வாண்ணா. இம்மாந்தூரம் வந்துக்கிறீங்க, ஒரு போன் பண்ணக்கூடாது?” என்று அன்புச்செல்வனின் கையைப் பிடித்துக்கொண்டான். அன்புச்செல்வன் வெல்லத்தைக் கொடுத்தான். வெளியிலிருந்து வந்த எதையும் குதிரைக்குத் தரக்கூடாது, ஊக்கமருந்து டெஸ்டில் ஏதாவது தெரிந்தால் எல்லார் வேலையும் போய்விடும், நானே டீயில் போட்டுக் குடித்துக்கொள்கிறேன் என்று செழியன் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். போயும் போயும் வெல்லம் அவனுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

அன்புச்செல்வன் நேராக விஷயத்துக்கு வந்தான். அந்தக் குதிரைக்குப் பெயர் வைத்தது நீயா?

செழியன் முழித்தான். “நானா? நாங்க இன்னாண்ணா பேரு வைக்கிறது. ஓனரம்மாவோட மாமியாருண்ணா. ஜெயசுதாம்மான்னு, செத்துப்போய்ட்டாங்க. அவங்க ஞாபகமா வச்சது. வந்தப்போ பொடிசா இருந்துச்சேன்னு லாயத்துல நாங்க அத குள்ளின்னுதான் கூப்புடுவோம். ஏன் கேக்குறீங்க?”

அன்புச்செல்வன் அவன் முகத்தைப் பார்த்தான். நடிப்பு இல்லை. “உன் மாமன் பொண்ணு பேரு” என்றான் மெதுவாக.

“யாரு, பாப்பாவா? பாப்பா பேரு ஜெயந்தி இல்ல?”

சின்ன வயதிலிருந்து வீட்டில் எல்லாரும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் மறந்திருக்கலாம். இருந்தாலும் செழியன் ஜெயந்தி என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னான். இவன் ஜெயசுதா என்று மறுபடி சொன்னதும், அட ஆமால்ல, எனக்குத் தோணவே இல்லை பாருங்க என்று சிரித்தான். அன்புச்செல்வன் பதினோரு வருஷம் புரட்டிப் பார்த்த அதே சிரிப்பு. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. எதற்கெடுத்தாலும் அப்படிச் சிரிக்கிறவன் அவன், அவ்வளவுதான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஓசூர் தாண்டும்வரை அன்புச்செல்வனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். முனியனுக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்தான். ஓனரம்மா மாமியார் பேராம், உன் மாமாவுக்கு உம்பேரே தெரியலை. எவ்வளவு அருமையான வாக்கியம்! இதைச் சொல்லத்தானே பதினோரு வருஷம் காத்திருந்தான். ஆனால் கிருஷ்ணகிரிக்கு அந்தப்பக்கம் போனதும் அது லேசாகக் கசந்தது. எப்படி மறப்பான்? கூடவே வளர்ந்தவள், கட்டிக்கொள்ள முறையுள்ளவள், அவள் பெயரை ஒருத்தன் எப்படி மறப்பான்? மறக்கிற மாதிரி ஆளா அவள்? சேலத்தில் பஸ் மாறும்போது அவனுக்குச் செழியன் மேல் கெட்ட கோபம் வந்துவிட்டது. ஆத்தூர் வந்தபோது, மெஷின் முன்னால் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்த முகம்தான் கண்ணில் நின்றது. அந்த வாக்கியத்தை அந்த முகத்திடம் சொல்ல முடியாது என்று தெரிந்துபோனது. அவன்தான் வைத்தான் என்றே இருக்கட்டும். இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெருமையைத் தன் வாயாலேயே தன் எதிரிக்குத் தூக்கிக் கொடுக்க முடிவு செய்தான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தான். ஷாலினி பள்ளிக்கூடம் போயிருந்தாள். ஜெயசுதா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

“கேட்டீங்களா?”

“கேட்டேன். அவன்தான் வச்சானாம். உம்பேரத்தான்.” தொண்டை கட்டியிருந்ததால் குரல் கரகரவென்று வந்தது.

அவள் அவனை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, காலையிலேயே அத்தை போன் பண்ணியது, செழியனின் அம்மா, என்றாள். குதிரைக்குப் பெயர் வைத்தது நீயா என்று கேட்க அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போனாராமே உன் புருஷன் என்று அத்தை விழுந்து விழுந்து சிரித்ததாம். ஓனர் மாமியார் பெயராம். இந்நேரம் சின்னசேலத்தில் பாதித் தெருவுக்குத் தெரிந்திருக்கும்.

அன்புச்செல்வனுக்கு மானம் போனது. சொம்பை வைக்க இடம் தேடினான். அவள் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது.

“தெரிஞ்சுகினே எதுக்கு எங்கிட்ட பொய் சொன்னீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. அவனுக்காகவே ஒரு குரலை எடுத்து வைத்திருந்தவள் போலக் கேட்டாள். அந்த இடத்தில் அவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், அவர்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் மிக நல்ல காலைப்பொழுதாக இருந்திருக்கும். ஆனால் அவன் அன்புச்செல்வன் அல்லவா?

“பின்ன இன்னா சொல்லச் சொல்ற? அவனுக்கு உம்பேரே ஞாபகம் இல்லன்னா? ஜெயந்தின்றான் உன்ன.”

சொல்லிவிட்டான். அவளுக்காகப் பட்ட கோபத்தில்தான் சொன்னான். அதில் ஒரு சொட்டு சந்தோஷமும் இருந்தது, அதை மறைக்க முடியாது. அத்தை இந்த ஒன்றை மட்டும் போனில் சொல்லியிருக்கவில்லை.

“ஜெயந்தியா?” என்றாள் ஜெயசுதா.

வரப் பார்த்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

“யாரு அந்த ஜெயந்தி?”

அந்தக் குரல் அன்புச்செல்வனுக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருஷமாக அவன் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்த குரல் அது. அதை இன்னொருத்தர் வாயிலிருந்து, தன் வீட்டுக்குள்ளேயே, அவள் வாயிலிருந்து கேட்போம் என்று அவன் நினைத்ததில்லை. அப்படி யாரும் இல்லை, வாய் தவறி வந்த பெயர், உன்னைத்தான் சொன்னான் என்றான்.

அவள் நம்பவில்லை.